ஜாம்பிக்குத் தீ வைக்கும் காட்சி: கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடமாடும் பிணம் கற்பனையே என்றாலும், அதற்குக் கதாசிரியர் கொடுத்திருப்பது மனித உடல். எனவே அது எரியும் விதத்தில் மனித உடலுக்குரிய விதிகள் மீறப்படக் கூடாது. தீப்பந்தம் பட்டதும் ஜாம்பி கொழுந்துவிட்டு எரிந்து சாம்பலாகும் காட்சிகள் நம்ப முடியாதவையாக இருப்பது இதனால்தான்.

அழுகிய உடல் எளிதில் எரியும் என்று எண்ணுவது முதல் தவறு. அழுகுவது வேறு, உலர்வது வேறு. நம் உடலில் ஏறக்குறைய 60 விழுக்காடு நீர்தான். 60 கிலோ எடையுள்ள உடலில் இருக்கும் சுமார் 36 கிலோ நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 90 மெகாஜூல் வெப்பம் வேண்டும். கிட்டத்தட்ட 3 லிட்டர் பெட்ரோல், துளி வெப்பமும் வீணாகாமல் எரிந்தால்தான் அவ்வளவு கிடைக்கும். திறந்தவெளியிலோ வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. மாறாக, பாலைவனத்தில் மாதக்கணக்கில் காய்ந்து தோலும் எலும்புமாகிப்போன ஜாம்பி விரைவாகவே பற்றிக்கொள்ளும். ஆகையால் கதை நிகழும் நிலத்தையும் பருவத்தையும் முடிவு செய்யாமல் தீயைப் பற்றி எழுதக் கூடாது.

பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியவுடன் எழும் பெருஞ்சுவாலையைப் பார்த்து உடலே எரிகிறது என்று கொள்வது அடுத்த தவறு. அப்போது எரிவது பெட்ரோல் ஆவியும் துணியுமே. அவை தீர்ந்தபின் தோல் கருகி வெடித்திருக்கும். அதற்கடியில் தசை ஈரமாகவே இருக்கும். எரிவாயுத் தகன மேடையின் மூடிய அறைக்குள் 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலும் ஓர் உடல் எரிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது, அதன் பிறகும் எலும்பு எஞ்சுகிறது. விறகுச் சிதையருகே நின்றவர்களுக்கு, வெட்டியான் நீண்ட கழியால் கட்டைகளைத் தள்ளித் தள்ளி மணிக்கணக்கில் தீயைக் காப்பது தெரிந்திருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பலர் கவனிக்காமல் விடும் அதுவே இவ்விஷயத்தில் மிகச் சுவையான பகுதி என்பது என் கருத்து. உடற்கொழுப்பு நல்ல எரிபொருள், ஆனால் திரியில்லாமல் எளிதில் பற்றாது. தோல் வெடித்து உருகி வழியும் கொழுப்பை உடுத்திய துணி உறிஞ்சிக்கொண்டால், திரி வெளியே அமைந்த மெழுகுவத்தியாக அவ்வுடல் மாறிவிடுகிறது. அமெரிக்கத் தீத்தடய ஆய்வாளர் ஜான் டிஹான், 1998இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றுக்காக, இறந்த பன்றியைப் போர்வையில் சுற்றிச் சிறிதளவு பெட்ரோலால் பற்றவைத்தபோது, அது சிறு சுவாலையுடன் மணிக்கணக்கில் எரிந்து எலும்பும் நொறுங்கும் நிலைக்கு வந்தது. ஆனால் அது அசையாமல் கிடந்த உடல். நடந்துகொண்டே இருக்கும் ஜாம்பிக்கு இப்படி நேர்வது அரிது. விழுந்து கிடக்கும் கொழுத்த ஜாம்பிக்கு நேரலாம்.

தீப்பிடித்ததும் ஜாம்பி நின்றுவிடும் என்று எழுதுவதுதான் பாத்திரங்களை உண்மையிலேயே ஆபத்தில் தள்ளும் தவறு. உயிருள்ள மனிதனை வீழ்த்துவது வலியும் அதிர்ச்சியும் புகையும். வலியுணர்வோ மூச்சோ இல்லாத ஜாம்பிக்கு இவை பொருட்டல்ல. வெப்பத்தில் தசைகள் சுருங்கி முழங்கையும் முழங்காலும் மடங்கி, குத்துச்சண்டைக்காரரின் நிலைக்கு உடல் வந்த பிறகுதான் அதனால் நடக்க முடியாமல் போகும். அதுவரை எரியும் துணியோடு அது கூரையையும் திரைச்சீலையையும் உரசிக்கொண்டு தீ வைத்தவரை நோக்கியே வரும். எனவே உங்கள் பாத்திரம் முதலில் அதை ஆழமான குழியில் விழச்செய்து, பிறகு பற்றவைத்து, விறகு போட்டுக்கொண்டே பல மணி நேரம் காவல் இருக்க வேண்டும்.