லீத்தல் கம்பெனி: கம்முனு இருக்கத் தெரியாதவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

ஸ்கூல் லீவு விட்டதிலிருந்து, வண்ணாரப்பேட்டையில் நான் போகும் கேமிங் சென்டரில் சீட்டே கிடைப்பதில்லை. நாலு நாலு பேராக வந்து லீத்தல் கம்பெனி போடுகிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தால், ஆரம்பத்தில் எங்கள் செட்டு எங்கெங்கே செத்ததோ அதே இடங்களில்தான் இந்தப் பசங்களும் சாகிறார்கள். "எப்படிண்ணா தப்பிக்கிறது?" என்று கேட்டவர்களுக்கு நின்றபடியே சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இருட்டில் பள்ளத்தில் விழாதே, மூச்சு முட்டும்வரை ஓடாதே என்பதெல்லாம் ரெண்டு தடவை செத்தால் தானாகப் புரிந்துவிடும். அதெல்லாம் இங்கே இல்லை.

இதுவரை ஆடாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: ஸீக்கர்ஸ் என்ற பெயரில் ஒரே ஆள் உருவாக்கிய விளையாட்டு இது, 2023 அக்டோபரில் ஸ்டீமில் வந்தது. நீங்கள் நாலு பேரும் ஒரு கம்பெனியின் கூலிக்காரர்கள். கப்பலில் ஏதாவது ஒரு நிலாவில் இறங்கி, பாழடைந்த கட்டடத்துக்குள் புகுந்து, காயலாங்கடைக்குப் போகிற மாதிரி சரக்கையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். மூன்று நாளில் கம்பெனி கேட்கும் தொகை சேர வேண்டும். முதல் கோட்டா 130. சேரவில்லை என்றால் வேலையிலிருந்து தூக்குவார்கள், அதுவும் கப்பலுக்கு வெளியே, விண்வெளியில்.

இருக்கிற காசுக்கெல்லாம் டார்ச் வாங்குவது

ஆரம்பத்தில் கையில் 60 கிரெடிட் (ஆட்டத்துக்குள் அதுதான் காசு) இருக்கும். சாதா டார்ச் 15. கணக்குப் போட்டால் ஆளுக்கொன்று வருகிறதே என்று நாலு டார்ச் வாங்கிவிட்டு, காலியான பையோடு உள்ளே போவார்கள். பத்து நிமிடத்தில் நாலு பேரும் நாலு மூலையில் இருப்பார்கள். யார் எங்கே செத்தான் என்றே தெரியாது.

ரெண்டு டார்ச், ரெண்டு வாக்கி டாக்கி வாங்குங்கள். வாக்கி ஒன்று 12. மொத்தம் 54 ஆகும். ஒரு வாக்கி உள்ளே போகிறவர்களிடம், இன்னொன்று கப்பலில் இருப்பவரிடம். உள்ளே போகிற மூன்று பேரும் பிரியாமல் சேர்ந்து நடந்தால் ரெண்டு டார்ச் வெளிச்சமே போதும். அடுத்த காசில் 30 கொடுத்து ஒரு ஷவல் வாங்கிக்கொள்ளுங்கள். கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்னேர் ஃப்ளீ ஒருத்தன் தலையைப் பிடித்து மூச்சை அடைக்கும்போது, பக்கத்தில் இருப்பவன் அடித்து விடுவிக்க அதுதான் உதவும்.

நாயைப் பார்த்துக் கத்துவது

மற்ற தப்பையெல்லாம் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவேன். இதை மட்டும் முடியவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு வெளியே ஐலெஸ் டாக் என்று ஒன்று திரியும். பெயர்தான் நாய், உருவம் ஆளை விடப் பெரிசு. கண்ணே கிடையாது, தலை பூராவும் வாய். நேர் எதிரே நீங்கள் மூச்சுக் காட்டாமல் குந்தியிருந்தால் அதற்குத் தெரியாது. ஆனால் காது பயங்கரக் கூர்மை. சத்தம் வந்த இடத்துக்குப் பாயும், ஒரே கடியில் ஆள் காலி. துரத்த ஆரம்பித்து ஊளையிட்டால் சுற்றி இருக்கும் மற்ற நாய்களும் வந்து சேர்ந்துவிடும்.

இதில் புதுப் பசங்களுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. அது கேட்பது திரையில் ஓடும் பொம்மையின் காலடியை மட்டும் அல்ல. உங்கள் மைக்கில் விழுகிற சத்தத்தையும் கேட்கும். நிஜத்தில் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இருமினால் அங்கே உங்கள் ஆள் இருமிய மாதிரிதான்.

போன சனிக்கிழமை ஒரு செட்டில் ஒரு ஆள் குறைகிறதென்று என்னைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது நாள், ஆட்டத்துக்குள் ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது. கோட்டாவுக்கு மேலேயே சரக்கு கப்பலில் குவிந்து கிடந்தது. நானும் இன்னொரு பையனும் கப்பலுக்குள்ளே, காசிமேட்டுத் தம்பி ஒருத்தன் கப்பலின் வெளித்தட்டில். நாலாவது ஆள் கையில் ஒரு பெரிய இன்ஜினைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தான். நாய் ஒன்று கப்பலுக்குக் கீழே மோந்து மோந்து போய்க்கொண்டிருந்தது. அது பாட்டுக்குப் போயிருக்கும். இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் போதும். தம்பி அதைப் பார்த்துவிட்டான்.

"டேய் நாய்டா! நாய்டா! எல்லாரும் கம்முனு இருங்கடா!"

அவன் எனக்குப் பக்கத்து சீட்டு. கத்தியது அவன் மைக்கில் விழுந்தது, என் மைக்கிலும் விழுந்தது. நாய் முதலில் வெளித்தட்டில் ஏறி அவனை முடித்தது. அப்புறம் நேராகக் கப்பலுக்குள் வந்தது, ஏனென்றால் என் ஆள் இருந்த இடத்திலிருந்தும் அதே சத்தம் அதற்குக் கேட்டிருக்கிறது. வாயே திறக்காமல் நான் செத்தேன். என்னோடு இருந்த பையன் பதறி ஓடிச் செத்தான். ஊளை கேட்டு வந்த இன்னொரு நாய் இன்ஜின்காரனைப் பிடித்தது.

நாலு பேரில் ஒருத்தன் உயிரோடு கப்பலைக் கிளப்பியிருந்தால்கூடச் சரக்கு தப்பியிருக்கும். எல்லோரும் செத்தால் கப்பலில் சேர்த்து வைத்த மொத்த ஸ்கிராப்பும் போய்விடும், இன்றைக்கு எடுத்தது, நேற்று எடுத்தது என்ற பேதமே கிடையாது. கேரமில் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாதவன் கதைதான்: குழிக்குள் போன காய் மறுபடி போர்டுக்கே வந்துவிடும். கப்பலுக்குள் கிடப்பதாலேயே அது உங்கள் காசு ஆகிவிடாது. கொண்டுபோய் விற்கிறவரை அது ஃபாலோ போடாத ரெட்.

இதற்கப்புறம் தம்பி திரும்பிப் பார்த்துச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்: "நான் சொல்லலைன்னா நாய் வந்ததே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணா."

ஆமாம், தெரிந்திருக்காது. தெரியாமலே தப்பித்திருப்போம்.

எச்சரிக்கை கொடுப்பது நல்ல காரியம் என்ற பழக்கம் நமக்கு ஊறிப்போய்விட்டது. தெருவில் மாடு முட்ட வந்தால் கத்தித்தான் சொல்வோம். இந்த ஆட்டத்தில் நாயைப் பற்றி வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். சொல்வதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. டார்ச்சை அணைத்து அணைத்துப் போடுங்கள். உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து காட்டுங்கள்; எங்கள் செட்டில் அதற்கு "நாய், அசையாதே" என்று அர்த்தம். கையை நீட்டிக் காட்டும் எமோட் இருக்கிறது, 2 என்ற எண்ணை அழுத்தினால் போதும். குனிந்தபடி நடந்தால் காலடி அதன் காதில் விழாது. கையில் இருக்கும் சாமானைக் கீழே போட்டால் சத்தம் வரும், அதனால் நாய் தள்ளிப் போகிறவரை பிடித்துக்கொண்டே இருங்கள். கிளவுன் ஹார்ன், ஏர் ஹார்ன் மாதிரி ஏதாவது கிடைத்தால் புதுப் பையன் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு தடவையாவது அடித்துப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

அப்புறம் மைக். செட்டிங்ஸில் பட்டனை அழுத்தினால் மட்டும் மைக் வேலை செய்யும்படி மாற்றிக்கொள்ளலாம். கேமிங் சென்டரில் வரிசையாக உட்கார்ந்து ஆடுபவர்கள் இதைச் செய்யாமல் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது, பக்கத்து சீட்டுக்காரன் வாய்க்கு உங்கள் உயிர் அடமானம் ஆகிவிடும். வீட்டிலிருந்து ஆடுபவர்களுக்கும் அதே கதிதான். நம்ம ஏரியாவில் எந்த வீடு அமைதியாக இருக்கிறது? கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டிலிருந்து ஆடும் நண்பன் ஒருவன் உண்டு. வெளியே வந்தாலே நாய் அவனைத்தான் பிடிக்கும். அவனுக்கு ராசியில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள்தான் கவனித்தோம், கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்த அடுத்த நொடி அவன் சாகிறான். குக்கர் விசில், "சாப்பிட வாடா" என்ற அம்மாவின் குரல், ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருமுனையில் கட்டும் ஸ்பீக்கர் எல்லாமே நாய்க்குத் தீனிதான்.

கப்பல் கதவை மூடினால் தப்பிக்கலாமா என்று கேட்பார்கள். மூடலாம், ஆனால் அது கொஞ்ச நேரம்தான் மூடியிருக்கும், பிறகு தானாகத் திறந்துகொள்ளும். நாயைத் தூரத்தில் பார்த்ததுமே மூடிவிட்டு, அது கிட்டே வரும்போது கதவு திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம். கையில் காசு இருந்தால் 60 கிரெடிட்டுக்கு பூம்பாக்ஸ் ஒன்று வாங்கி, கப்பலுக்கு எதிர்த் திசையில் தூரமாகப் பாட்டு போட்டு வையுங்கள். நாய்கள் அங்கே போய் நிற்கும்.

கோட்டா சேர்ந்துவிட்டது, ஒருத்தன் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டான், சுற்றிலும் நாய் என்றால்? கப்பலைக் கிளப்பும் லீவரை இழுங்கள். திட்டுவான். செத்தவனுக்காகக் கொஞ்சம் அபராதம் கழியும், அவ்வளவுதான். மொத்தச் சரக்கும் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

நாலு பேரும் உள்ளே போவது

காலை 8 மணிக்கு இறங்குவீர்கள். நள்ளிரவு 12 ஆனால் கப்பல் யாருக்கும் காத்திருக்காது. கட்டடத்துக்குள் போய்விட்டால் கடிகாரம் தெரியாது என்பதுதான் இதில் வம்பு. "இன்னும் ஒரே ஒரு ரூம்" என்று போனவர்கள் வெளியே வந்து பார்த்தால் கும்மிருட்டு, வாசலில் நாய்.

கப்பலில் ஒருத்தர் இருந்தால் வாக்கியில் மணி சொல்வார். திரையில் உங்களைப் பார்த்துக்கொண்டு, சிவப்புப் புள்ளி, அதாவது ஏதாவது ஜந்து, நெருங்கினால் சொல்வார். கப்பலில் இருக்கும் கம்ப்யூட்டரான டெர்மினலில் கதவின் ரெண்டெழுத்துக் குறியீட்டை அடித்தால் அந்தக் கதவு திறக்கும் அல்லது மூடும். துப்பாக்கி டர்ரெட்டையும் கண்ணிவெடியையும் அதே மாதிரி கொஞ்ச நேரத்துக்கு முடக்கலாம். இந்த வேலை போரடிக்கிறது என்று யாரும் உட்கார மாட்டார்கள். முறை வைத்து உட்காருங்கள்.

பார்ப்பதா, பார்க்கக் கூடாதா

கட்டடத்துக்குள் திரியும் ஜந்துக்களில் காயில்ஹெட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் பாயும். பிராக்கனை முறைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுங்கள், அது பின்வாங்கும். வெகுநேரம் பார்த்தால் கோபம் வந்து கழுத்தைத் திருகும். இந்த ரெண்டையும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொண்டு சாகிறவர்களே அதிகம்.

லூட் பக் பாவம். அது சேர்த்து வைத்ததைத் திருடாத வரை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

சுற்றும் பெட்டியிலிருந்து பாட்டு

ஜெஸ்டர் என்ற ஜந்து அது. நாலு பேரும் வெளியே போங்கள்.

மின்னல் நாளில் கையில் இரும்பு

பொறி பறந்தால் கீழே போடுங்கள்.

எக்லிப்ஸ்டு (கிரகணம்) என்று போட்டிருக்கும் நிலா

போகாதீர்கள்.

போன் காலில் பேசிக்கொண்டே ஆடுவது

டிஸ்கார்டிலோ வாட்ஸ்அப்பிலோ தனியாகக் கால் போட்டு ஆடினால் ஆட்டத்தின் பாதி போய்விடும். இதில் குரல் தூரத்தைப் பொறுத்துத்தான் கேட்கும். பேசிக்கொண்டே போனவன் பாதி வார்த்தையில் நின்றால், அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். போன் காலில் இருந்தால் செத்தவனே "டேய், லெஃப்ட்ல இருக்குடா" என்று கமென்ட்ரி கொடுத்துக்கொண்டிருப்பான். பயமும் போச்சு, துப்பும் போச்சு.

முதல் நாளே விற்கப் போவது

கம்பெனி வாங்கும் விலை நாளுக்கு நாள் ஏறும். கெடுவின் கடைசி நாளில்தான் முழு விலை தருவார்கள். முன்னாலேயே போனால் அடிமாட்டு விலைதான்.

விற்கும் இடத்தில் கவுன்ட்டர் மேல் சரக்கை வைத்துவிட்டு பெல்லை அடிக்க வேண்டும். சும்மா டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தாலும், கவுன்ட்டர் முன்னால் நின்று கூச்சல் போட்டாலும் உள்ளே இருப்பதற்கு எரிச்சல் வந்து கையை நீட்டி இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை அடித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஷட்டர் திறந்து சரக்கு போனதும் காசு ஏறிவிடும்.