மாலையில் உட்கார ஓர் இடம்: நகரத் திட்டத்தில் கேட்டுப் பெறும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட், பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற நகரங்களில் மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிவந்த முதியவர்களுள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டின் ஒழுகும் கூரைக்காக ஏங்குபவர் எவரையும் நான் கண்டதில்லை. அவர்கள் நினைத்துச் சொல்வதெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து பேசிய பேச்சையும், கோவிலுக்கு நடந்தே போய்வந்த செம்மண் சடக்கையும்தான். மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் முழங்கால் வலியோடு முடங்கியவருக்குப் பேச்சுத் துணையும் அற்றுப்போனால் மனம் சோர்ந்துவிடும். ஆகவே குடியிருப்போர் சங்கம் முதலில் கேட்க வேண்டியது, நடந்து சென்று உட்காரக்கூடிய ஒரு நிழலை.

கேட்பதற்கு முன் நடந்து பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு பாட்டியை அழைத்துக்கொண்டு, கடை, கோவில், கிளினிக் வரை செல்லுங்கள். நமக்கு 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை. அவரோ கால்வாய் மூடி உடைந்த இடத்தில் சுவரைப் பிடித்து நிற்பார். அஞ்சடியை (கடைகளின் முன்னுள்ள நடைபாதையை) மோட்டார் சைக்கிள்கள் மறித்திருந்தால் சாலையில் இறங்குவார். ஓரிடத்தில், "போதும்பா, வீட்டுக்கே போயிடலாம்" என்பார். முதல் இருக்கை அங்கேதான் வர வேண்டும். அது சாலையைப் பார்த்தபடி இல்லாமல், ஒட்டுக்கடையும் பிள்ளைகள் விளையாடும் திடலும் கண்ணில் படும்படி, இரண்டிரண்டாக எதிரெதிரே அமைய வேண்டும். (துருப்பிடிக்கும் உடற்பயிற்சிக் கருவிகளைவிட ஒரு தூங்குமூஞ்சி மரமே மேல் என்பது என் கருத்து.)

வீடமைப்புத் திட்டங்களில் 10 விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளிக்கு விடுவது வழக்கம். எவ்வளவு என்பதோடு நிற்காமல், எங்கே என்றும் கேளுங்கள். மழைநீர்க் குளத்தின் ஓரத்தில் வேலிக்கு அப்பால் கிடக்கும் புல்வெளியால் பாட்டிக்குப் பயனில்லை. வீட்டிலிருந்து 3 மரங்கள் தெரிய வேண்டும், வட்டாரத்தில் 30 விழுக்காடு மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் பசுமைவெளி வேண்டும் என்று 2021இல் நகர்ப்புற வனவியல் அறிஞர் சேசில் கோனைனெண்டைக் முன்வைத்த அளவுகோல் இதற்குக் கைகொடுக்கும்.

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி (சட்டம் 172), எந்த நிலம் எதற்கு என்று ஊராட்சி மன்றம் வகுக்கும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, குறிக்கப்பட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரில் விளக்கவும் அனுமதி கேட்கலாம். "பூங்கா வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், சாலைப் பெயர், தூரம், படம், நீங்கள் குறித்த வரைபடம் ஆகியவற்றுடன் மலாயில் எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிய பிறகே அலுவலகத்தை விட்டுக் கிளம்புங்கள்.