போர்க்கால நாணயங்கள்: உலோகத்தைக் கணிப்பதில் நேரும் தவறுகள்

போர் வந்தால் நாணயத்திலிருந்து வெள்ளியை எடுத்துவிட்டு மட்டமான உலோகத்தைக் கலப்பார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். இது பாதிதான் சரி. போருக்கு எந்த உலோகம் தேவைப்பட்டதோ, அதைத்தான் முதலில் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் 5 சென்ட் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அதில் 75% செம்பு, 25% நிக்கல். கவசத் தகடுகளுக்கு நிக்கல் வேண்டியிருந்ததால் 1942-இன் கடைசி மாதங்களில் அதை அடியோடு விலக்கி, 56% செம்பு, 35% வெள்ளி, 9% மாங்கனீசு என்று மாற்றினார்கள். போரால் வெள்ளி சேர்ந்த நாணயம் இது!

வருடத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டுவதும் தவறு. 1942-இல் இந்த இரண்டு கலவைகளிலுமே 5 சென்ட் வந்தது. எடையும் ஒன்றேதான், 5 கிராம். அதனால் இங்கே தராசு உதவாது. பின்பக்கத்தில் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே பெரிதாக பி, டி, எஸ் ஆகிய அக்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்) எழுத்துகளில் ஒன்று இருந்தால் அது வெள்ளிக் கலவை. பிற்பாடு தனியே பிரித்தெடுக்க வசதியாக இருக்கட்டும் என்றே அப்படிப் பெரிதாகப் போட்டார்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது 1943 ஒரு சென்ட்டில்தான். செம்பை மிச்சப்படுத்த அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். பழைய வெண்கலத் தகடுகளில் தப்பித்தவறி அடிபட்ட சில நாணயங்கள் பெரும் விலைக்குப் போவதால், செம்பு நிறத்தில் 1943 என்று ஒன்றைப் பார்த்ததும் மனசு துள்ளும். பொறுங்கள். காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகு நாணயத்தின் மேல் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம். 1948-இன் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கிய வெண்கல நாணயங்களும் உலவுகின்றன. அசல் 3-இன் வால் நீளமாகக் கீழே இறங்கும்; 8-இலிருந்து வந்த 3-க்கு அது இருக்காது. அப்புறம் எடை: வெண்கலம் 3.11 கிராம், எஃகு சுமார் 2.7 கிராம்.

இதே எஃகு சென்ட் பளபளவென்று இருந்தால் நன்றாகப் பாதுகாத்தது என்று எண்ணுவதும் சரியல்ல. துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்துதான் வட்டங்களை வெட்டினார்கள். அதனால் விளிம்பில் பூச்சே கிடையாது. துரு அங்கே சுலபமாகப் பிடிக்கும். துருவை நீக்கிப் புதிதாகத் துத்தநாகம் பூசி விற்பவர்களும் உண்டு. விளிம்பைச் சுற்றிலும் பூச்சு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உங்களிடம் இருப்பதைத் தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள். மெல்லிய பூச்சு, போனால் வராது.

1945-ஓடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாயில் 91.7% ஆக இருந்த வெள்ளி 1940-இல் 50% ஆனது. போர் முடிந்தும் அது ஏறவில்லை. அமெரிக்காவிடம் போரின்போது கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. 1947 ரூபாய் வெள்ளியே இல்லாத தனி நிக்கல்; வெள்ளை நிறத்தைப் பார்த்து வெள்ளி என்று வாங்கிவிடாதீர்கள், காந்தம் இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டனும் அதே கடனுக்காக 1947-இல் வெள்ளி நாணயங்களைச் செம்பு-நிக்கலுக்கு மாற்றியது.

இன்னொன்று, 1943-இல் வந்த ஓட்டைக் காலணா. அதன் தோற்றத்தை வைத்து உலோகமும் மாறியது என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை, வெண்கலம் வெண்கலமாகவே இருந்தது. நாணயத்தைச் சிறிதாக்கி, நடுவில் ஓட்டையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செம்பைக் குறைத்தார்கள்.