எங்கள் தோட்டப் பாடசாலைக்குச் சூரிய மின்சாரம்: பணம் சேர்ந்த விதம்

இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குச் சோலார் போடப் பணம் கேட்டபோது முதலில் யாரும் தரவில்லை. முன்பு நடந்த ஒரு வசூலுக்குக் கணக்கே காட்டவில்லை என்ற கோபம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இருந்தது. நியாயமான கோபம். அதனால் பணத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே போட்டோம். விலைமனு, பற்றுச்சீட்டு, வங்கி மீதி எல்லாவற்றையும் கோயில் சுவரில் ஒட்டினோம். சம்பள நாளில் மட்டும் கேட்டோம். "காசு எங்க போகுதுன்னு தெரியுது தம்பி, இந்தா" என்று ஒரு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அப்புறம் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் அனுப்பினார்கள்.

பேட்டரி வாங்கவில்லை, செலவு நிறையக் குறைந்தது. நெட் மீட்டரிங் முறையில் மிஞ்சும் மின்சாரம் மின்சார சபைக் கம்பிக்குப் போய்க் கட்டணத்தில் கழிகிறது, பாடசாலை விடுமுறையிலும்கூட. ஆனால் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். நீங்களும் இப்படிப் போடுவதானால், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.