வளர்ச்சியில் மக்கள்தொகை எவ்வளவை விழுங்குகிறது? கணக்கிடும் முறை

முதலில் பணவீக்கம் நீக்கிய மொத்த உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சியை எடுங்கள். நடப்பு விலைப் புள்ளிவிவரம் வேண்டாம். விலையேற்றமும் வளர்ச்சியாகத் தெரியும்.

உற்பத்தி 5%, மக்கள்தொகை 2.5% வளர்வதாகக் கொள்வோம். 1.05-ஐ 1.025-ஆல் வகுத்தால் 1.0244, தலா வளர்ச்சி 2.44%. இரட்டிப்புக் காலத்தைத் தோராயமாகக் காணும் குறுக்குவழிப்படி 70-ஐ இந்தச் சதவீதத்தால் வகுத்தால், தலா உற்பத்தி இரட்டிப்பாகச் சுமார் 29 ஆண்டுகள். மக்கள்தொகை 1% மட்டுமே வளர்ந்தால் 18 ஆண்டுகள் போதும்.

ஆனால் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முதலீட்டையும் பாருங்கள். ஒரு ரூபாய் ஆண்டு உற்பத்திக்கு மூன்று ரூபாய் மூலதனம் தேவைப்படும் நாட்டில், மக்கள்தொகை 2.5% கூடினால், உற்பத்தியில் 7.5% தலைக்கு இருக்கும் கருவிகளும் கட்டடங்களும் குறையாமல் காக்கவே போய்விடும். தேய்மானம் தனி. ஏழை நாடுகளில் சேமிப்பே குறைவு என்பதால் இந்தச் சுமைதான் உண்மையில் வலிக்கும்.

அடுத்து வயதமைப்பு. 15 வயதுக்குட்பட்டோர் 40%, 65-ம் அதற்கு மேலும் 3% என்றால், 43-ஐ 57-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: உழைக்கும் வயதினர் நூறு பேருக்குச் சார்ந்திருப்போர் 75 பேர். பிறப்பு விகிதம் சரிந்தால் இது சில பத்தாண்டுகளுக்கு இறங்கும்; பின்னர் முதியோர் பெருகி மீண்டும் ஏறும். உழைக்கும் வயதில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

அடிப்படை ஆண்டு, அதாவது எந்த ஆண்டின் விலைகளை வைத்து உற்பத்தியை மதிப்பிடுகிறார்களோ அந்த ஆண்டு, மாறியதா என்றும் பாருங்கள். நைஜீரியா 2014-இல் அதை 1990-லிருந்து 2010-க்கு மாற்றியபோது, 2013-க்கான உற்பத்தி மதிப்பு சுமார் 89% உயர்ந்தது. இந்த மாற்றத்தால் நாட்டில் ஒரு தொழிற்சாலைகூடப் புதிதாக வரவில்லை. பழைய கணக்கில் விடுபட்ட துறைகள் சேர்ந்தன, அவ்வளவுதான். பழைய, புதிய புள்ளிவிவரத் தொடர்களை ஒன்றோடொன்று ஒட்டி வளர்ச்சி கணக்கிடாதீர்கள்.