பெங்களூரு இசைக்குழுவுக்குத் தமிழில் ஒரு ராக் காதல் பாட்டு எழுதும் முறை

பெங்களூரில் வார நாட்களில் மென்பொருள் எழுதிவிட்டு வார இறுதியில் கிட்டாரைக் கையில் எடுக்கும் தமிழ் இளைஞர்களுக்குக் குறைவில்லை. அல்சூர், காக்ஸ் டவுன், விவேக் நகர் போன்ற பழைய தமிழ்க் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்தவர்களும், வேலைக்காகச் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து பி.ஜி. எனப்படும் வாடகை விடுதிகளில் தங்கியிருப்பவர்களும் ஒரே குழுவில் சேர்ந்து வாசிக்கிறார்கள். கோபத்தையும் அரசியலையும் தமிழில் பாடத் தயங்காத இவர்கள், காதல் என்று வந்தவுடன் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அல்லது நிலவையும் மலரையும் தென்றலையும் வரிசையாகக் கூப்பிடும் திரைப்பாட்டு மொழியில் தஞ்சம் புகுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து. ஒருவர் இன்னொருவரிடம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பேசும் பேச்சே ராக் காதல் பாட்டின் உயிர், அந்தப் பேச்சைப் பாட்டாக்கும் முறையோ நம் அகப்பாடல்களில் இரண்டாயிரம் ஆண்டுகளாகவே இருந்துவருகிறது.

முதலில் கூற்று

சங்க அகப்பாடல் ஒவ்வொன்றுக்கும் கீழே கூற்று என்று ஒரு குறிப்பு இருக்கும்: யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்பதை அது ஒரே வரியில் சொல்லிவிடும். பாட்டின் முதல் சொல்லை எழுதுவதற்கு முன்பு அப்படி ஒரு வரியை நோட்டுப் புத்தகத்தின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். “இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் மனைவி, அதே நேரத்தில் அலுவலகத்துக்குக் கிளம்பும் கணவனிடம் லிஃப்ட் வாசலில் சொன்னது” என்று எழுதினால் பாதிப் பாட்டு வந்துவிட்டது என்றே சொல்லலாம். “வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் ஊருக்குப் போகும் பேருந்துக்காக நிற்பவன், வழியனுப்ப வந்த அறைத்தோழனிடம் சொன்னது” என்பதும் நல்ல தொடக்கமே. தலைவி நேரே தலைவனிடம் சொல்லாமல் தோழியிடம் சொல்லி அவன் காதில் விழச்செய்யும் உத்தி, நான்கு பேர் தங்கும் பி.ஜி. அறையிலும் அப்படியே பொருந்தும். “காதல் என்றால் என்ன” என்று தொடங்கும் கூற்று மட்டும் வேண்டாம். அது யாரும் யாரிடமும் சொல்லாதது.

மேற்கத்திய ராக் இசையில் நிலைத்த காதல் பாட்டுகள் பலவும் இந்த வகையில் பிறந்தவைதான். ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1976இல் ஒரு விருந்துக்குக் கிளம்ப வேண்டிய மாலையில், காதலி பேட்டி பாய்ட் உடுத்தி முடிக்கும்வரை காத்திருந்த நேரத்தில் எழுதிய பாட்டு, அடுத்த ஆண்டு ‘ஸ்லோஹேண்ட்’ தொகுப்பில் வெளிவந்தது. காத்திருத்தல், கண்ணாடி முன் அவள், பிறகு விருந்து, வீடு திரும்பல் என்பதற்கு மேல் அதில் நிகழ்ச்சி ஒன்றுமில்லை. மெட்டாலிகா என்ற அமெரிக்கக் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துக் காதலியுடன் பேசிக்கொண்டே, மற்றொரு கையால் கிட்டாரின் திறந்த தந்திகளை மீட்டியதிலிருந்துதான் 1991ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற மெதுவான பாட்டு தொடங்கியது. தந்திகளை அழுத்த இடதுகை இல்லாத நிலையே அந்த மெட்டின் தொடக்கத்தைத் தீர்மானித்தது. தமக்கு மட்டுமான பாட்டு என்று நினைத்துக் குழுவுக்குக் காட்டவே அவர் தயங்கினார். இருபது ஆண்டுகள் கழித்து, 2011 அக்டோபரில் அதே குழு பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது போனவர்கள் இன்றும் இந்த ஊரின் ஒத்திகை அறைகளில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெயரைச் சொல்லாதிருத்தல்

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. இந்த விதியை ராக் பாட்டிலும் கடைப்பிடிப்பது நல்லது, அழகுக்காக மட்டுமல்ல. மேலே சொன்ன பேட்டி பாய்டைக் கிளாப்டன் விரும்பத் தொடங்கிய காலத்தில் பேட்டி, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுடைய மனைவி. ஹாரிசனோ கிளாப்டனின் நெருங்கிய நண்பர். எனவே 1970இல் வந்த பாட்டில் அவர் பேட்டியின் பெயருக்கு மாற்றாக, பாரசீகக் கவிஞர் நிஜாமி பாடிய லைலா–மஜ்னூன் காதையிலிருந்து நாயகியின் பெயரை எடுத்துக்கொண்டார். ஒளித்துவைத்ததால் பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை, கேட்டவர் எல்லோரும் அவரவர் லைலாவை அதில் வைத்துக்கொள்ள முடிந்தது. நீங்களும் பெயரை, அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தை, வீடு இருக்கும் தெருவை எடுத்துவிடுங்கள். அவருக்கு மட்டுமே புரியும் ஒரு சிறு பொருளை, அவர் எப்போதும் மறந்துவிட்டுப் போகும் குடையையோ ஒரு பக்கம் மட்டும் வேலைசெய்யும் ஹெட்போனையோ, உள்ளே விட்டுவையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அன்பின் ஐந்திணைக்கு இருபுறமும் கைக்கிளை, பெருந்திணை என்ற இரண்டை வைத்தார்கள்: ஒருதலைக் காமமும் பொருந்தாக் காமமும். ராக் இசையின் காதல் பாட்டுகளில் பெரும்பங்கு இந்த இரண்டுக்குள்தான் வரும். அவற்றை எழுதுவது தவறன்று. தாம் எழுதுவது கைக்கிளை என்று எழுதுபவருக்குத் தெரியாமலிருப்பதுதான் சிக்கல். தி போலீஸ் குழு 1983இல் வெளியிட்ட ஒரு பாட்டில் பாடுபவன் பிரிந்துபோனவளின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிப்பேன் என்கிறான். அது உடைமை வெறியையும் வேவு பார்ப்பதையும் பற்றிய கொடிய பாட்டு என்று அதை எழுதிய குழுவின் பாடகர் ஸ்டிங்கே பலமுறை சொல்லியும், இணையர் அதைத் தம் காதல் பாட்டாக வைத்துக்கொள்வது நிற்கவில்லை. பின்தொடர்ந்து போய் மனத்தை மாற்றும் நாயகர்களைத் திரையில் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் குழப்பம் இன்னும் எளிதாக வரும். பாட்டு முடிந்ததும் அதே நிகழ்ச்சியை மறுதரப்பின் கூற்றாக நான்கு வரி எழுதிப் பாருங்கள். அந்த நான்கு வரியில் அச்சம் இருக்குமானால், உங்கள் கையிலிருப்பது காதல் பாட்டன்று.

கிட்டாருக்கு விட வேண்டிய பங்கு

பாட்டின் முதல் பகுதியை ஓசை மாற்றாத சுத்தமான கிட்டாரில், கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின்) சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து வாசிப்பதும், பல்லவி வரும்போது ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை மிதித்துப் பவர் கார்டுக்குப் போவதும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அது ஏன் காதலுக்கு இவ்வளவு பொருந்துகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சொற்களைக் குறைக்கத் துணிச்சல் வரும். ஒரு கார்டு மகிழ்ச்சியா துயரமா என்று நமக்குச் சொல்வது அதன் மூன்றாம் சுரம். பவர் கார்டில் அந்தச் சுரம் கிடையாது, ஆதார சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டுமே இருக்கும். இவ்விரண்டின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 3:2 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால் டிஸ்டார்ஷனில் திடமாக நிற்கின்றன; மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும். ஆகவே பல்லவியில் கிட்டார் பெரும் ஓசையோடு முழங்கினாலும், அது மகிழ்ச்சியா வேதனையா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதைச் சொல்லும் பொறுப்பு பாடுபவரின் குரலுக்கு வருகிறது. பல்லவி மெட்டின் முதன்மையான சொல்லை அந்த மூன்றாம் சுரத்தில் வையுங்கள். ஒரே பவர் கார்டின் மேல் முதல் முறை துயரம் தொனிக்கும் சிறிய (மைனர்) மூன்றாம் சுரத்திலும் கடைசி முறை மகிழ்ச்சி தொனிக்கும் பெரிய (மேஜர்) மூன்றாம் சுரத்திலும் பாடினால், ஒரு சொல்லையும் மாற்றாமல் ஊடலிலிருந்து கூடலுக்கு வந்துவிடலாம்.

வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுகளுக்குள் இருக்கட்டும். நான்கு தட்டில் அமையாத வரி பல நேரங்களில் ஆறு தட்டில், நம்மவர் திஸ்ர நடை என்று சொல்லும் நடையில், தானாக உட்கார்ந்துவிடும். கிட்டார் தனித்து ஒலிக்கும் சோலோவைப் பல்லவியின் மெட்டிலிருந்தே தொடங்குங்கள், விரல் வேகத்தைக் காட்ட வேறு பாட்டு இருக்கிறது.

மெட்டில் தமிழ்ச் சொல்

ஆங்கிலப் பாட்டைக் கேட்டே வளர்ந்த பாடகர்கள் தமிழில் தடுமாறும் இடம் குறில்–நெடில். ஆங்கிலத்தில் எந்த உயிரையும் நீட்டிப் பாடலாம், பொருள் மாறுவதில்லை. தமிழில் “மனம்” என்ற சொல்லின் முதல் எழுத்தை நான்கு தட்டுக்கு இழுத்தால் அரங்கில் கேட்பது “மானம்”. “விடு” என்பது “வீடு” ஆகிவிடும். எனவே மெட்டை முதலில் வெறும் தானனாவில் பாடிப் பதிவுசெய்து, எங்கெங்கே குரல் நீள்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் மட்டும் நெடில் விழுமாறு சொல் தேடுங்கள். ஆ, ஏ, ஓ மூன்றும் உரக்கப் பாட ஏற்றவை. உச்சத்தில் “ஈ” வந்தால் தொண்டை இறுகும்.

அடுத்தது தொடை. தமிழில் வினைமுற்றால் வரி முடித்தால் “வந்தேன், நின்றேன், சென்றேன்” என்று இயைபு தானாகவே விழும், அதனாலேயே அது அலுப்பூட்டும். ராக் இசையின் அடி விழுவது பெரும்பாலும் வரியின் தலையில்; ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) தொடங்கும் அதே தட்டில் மோனை வந்தால் சொல்லும் கிட்டாரும் சேர்ந்து இடிக்கும். லிஃப்ட் வாசல் தம்பதியருக்கு இப்படி இரண்டு வரி எழுதலாம்:

சாவியில உன் கைச்சூடு
சாலையெல்லாம் என் தூக்கம்

இரண்டு வரியும் “சா” என்ற நெடிலில் முதல் தட்டைப் பிடிக்கின்றன. நீட்ட வேண்டிய இடத்தில் “சூ”, “தூ” என்ற நெடில்கள் நிற்கின்றன. “கைச்சூடு” என்பதன் கடைசி உகரத்தை இழுக்காமல் விழுங்கிவிட வேண்டும், பேச்சில் அது எப்படியும் குறுகித்தான் ஒலிக்கும். காதல் என்ற சொல்லே இங்கு வரவில்லை. அவன் கொடுத்துவிட்டுப் போன சாவி இன்னும் ஆறவில்லை என்பதே போதும்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்றால், கூற்றில் இருப்பவர் எப்படிப் பேசுவாரோ அப்படி. கணவனை “நீங்க” என்று அழைப்பவள் பாட்டில் மட்டும் “நீ” என்று மாறுவாளானால் அதற்குப் பாட்டுக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். இரண்டாம் சரணம் வரை “நீங்க” என்று பாடிவிட்டுக் கடைசிப் பல்லவியில் ஒரே ஒரு முறை “நீ” என்று வருமானால், அது எந்தச் சோலோவையும்விடக் கூர்மையாக இறங்கும்.

தமிழ் தெரியாத குழுவினர்

பெங்களூருக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் கன்னடராகவும் பேஸ் வாசிப்பவர் மலையாளியாகவும் இருப்பது இயல்பு. அவர்களுக்குப் பொருளைச் சொல்வதற்கு முன்பு ஓசையைச் சொல்லுங்கள். ஒத்திகை அறையின் வெள்ளைப் பலகையில் வரியை ஆங்கில எழுத்திலோ கன்னட எழுத்திலோ எழுதி, நெடில்களின் மேல் கோடு போட்டு, மூச்சு விடும் இடத்தில் ஒரு சாய்கோடு இழுத்தால், டிரம்ஸ்காரர் சாய்கோட்டில் சிம்பலை அடக்குவார், நெடில் கோட்டில் காலால் அடிக்கும் கிக் டிரம்மை விடுவார். அடுக்ககத்தில் ஒத்திகை வைத்துக்கொள்ளாதீர்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பே 55 டெசிபல், டிரம்ஸ் நூறைத் தொடும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாம் ரூமே நல்லது.

மேடையில்

காதல் பாட்டை முதலில் வைக்காமல், இரண்டு வேகமான பாட்டு முடிந்து கூட்டம் மூச்சு வாங்கும் நேரத்தில் வையுங்கள். மொட்டை மாடியிலோ திறந்தவெளியிலோ வாசித்தால் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வரிசையைப் போடுங்கள். கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தமிழ் புரியாது. கூற்றை மட்டும் ஒரு வரியில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ சொல்லிவிட்டுத் தொடங்கினால் போதும்.

பாட்டு யாருக்காக எழுதப்பட்டதோ அவரைக் கூட்டத்தில் உட்காரவைத்து, மேடையிலிருந்து விரல் நீட்டிக் காதலைச் சொல்லும் பழக்கம் இங்கே இருக்கிறது. சுற்றிலும் இருநூறு பேர் கைபேசியை உயர்த்திக்கொண்டிருக்கும்போது மறுப்பதற்கு யாருக்கும் வழியில்லை. ஊரறிய மடலேறி, அதாவது பனைமடல் குதிரையில் ஏறித் தெருவில் வந்து, நெருக்கடி கொடுப்பதைத் தொல்காப்பியர் பெருந்திணையில் வைத்தது சும்மா அன்று. முதலில் தனியே பாடிக் காட்டி, மேடையில் பாடலாமா என்று கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகே பாடுங்கள்.

குழுவுக்குள்ளேயே காதலிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஃப்ளீட்வுட் மேக் குழு 1977இல் வெளியிட்ட தொகுப்பைப் பதிவுசெய்த நாட்களில் லிண்ட்சே பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்திருந்தார்கள். ஜான், கிறிஸ்டின் மெக்வீ தம்பதியரின் மணவாழ்வும் முறிந்திருந்தது. பிரிவைப் பற்றிப் பக்கிங்ஹாம் எழுதிய பாட்டில் தம்மைத் தவறாகச் சித்திரிக்கும் ஒரு வரியை நீக்கும்படி நிக்ஸ் கேட்டும் அவர் நீக்கவில்லை. அதற்குப் பின்குரல் பாட வேண்டியவரும் நிக்ஸ்தான். நிக்ஸ் எழுதிய ஒரு பாட்டோ தொகுப்பில் இடம்பெறாமல், பக்கிங்ஹாமின் அதே பாட்டு தனியாக வந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது. தொகுப்பு கோடிக்கணக்கில் விற்றது என்பதால் இதை வீரமாகப் பேசுகிறார்கள். அந்தப் புண் பல பத்தாண்டுகள் ஆறவில்லை என்பதும் உண்மை. யாரைப் பற்றிய வரியோ அவர் வேண்டாமென்றால் அந்த வரி போகும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அதே அமர்வில் உரிமையையும் பேசி முடித்துவிடலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் சொற்களுக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. ஆங்கிலப் பாட்டொன்றின் மெட்டில் உங்கள் தமிழ் வரிகளைப் போட்டு வெளியிடுவதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு, காதல் முறிந்தால் பாட்டைத் தொடர்ந்து பாடலாமா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு ஸ்டுடியோவுக்கு முன்பணம் கட்டுங்கள்.