பின்மூடியில் 6309 இருந்தால் போதுமா? பழைய சீக்கோ டைவரை அடையாளம் காண

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையின் விரிப்புகளில் பழைய சீக்கோ டைவர் (நீரில் மூழ்குவோருக்கான கைக்கடிகாரம்) கண்ணில் பட்டால், திருப்பிப் பின்மூடியில் உள்ள எண்ணைப் பார்த்து "6309-7040, அதேதான்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பின்மூடி திருகிக் கழற்றுகிற சாமான். வேறொரு வாட்ச்சிலிருந்து வந்திருக்கலாம். கூடு, டயல், உள்ளே ஓடும் மெஷின் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

முதலில் எண்ணைப் பிரித்துப் படியுங்கள். கோட்டுக்கு முன்னால் உள்ள நான்கு இலக்கம் மெஷினின் எண், பின்னால் உள்ளது கூட்டின் எண். 7040, 7049 இரண்டும் தலையணை மாதிரி உப்பிய அகலக் கூடு. 9-இல் முடிவது வட அமெரிக்கச் சந்தைக்குப் போனது. 7290 என்றால் கூடு மெலிந்திருக்கும். உப்பிய கூட்டில் 7290 மூடி இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடலாம். தலையணைக் கூட்டில் பட்டை மாட்டும் இடைவெளி 22 மில்லிமீட்டர்; ஸ்கேலால் அளந்தாலே தெரியும்.

அடுத்து, பின்மூடியில் உள்ள ஆறு இலக்க வரிசை எண். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்று ஆங்கில எழுத்து வரும். பத்தாண்டு எது என்பதை எண் சொல்லாது, அதை மாடலின் ஆயுளை வைத்துக் கணிக்க வேண்டும். 7040 வந்தது 1976 முதல் 1988 வரை. ஆகவே 2-இல் தொடங்கினால் 1982தான், வேறு வழியில்லை. 6, 7, 8 என்று தொடங்கினால்தான் சிக்கல்: 8 என்றால் 1978-ம் ஆகலாம், 1988-ம் ஆகலாம். விற்பவர் எப்போதும் பழைய ஆண்டைத்தான் சொல்வார். மாதத்தை மட்டும் உறுதியாக எழுதி வையுங்கள்; ஆண்டை இரண்டாகவே விடுங்கள்.

டயலில் 6 மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். முன்பாதி 6309 ஆக இருக்க வேண்டும். பின்பாதி கூட்டின் எண்ணோடு அப்படியே பொருந்தாமல் போகலாம்; டயலுக்குத் தனி எண் உண்டு, அதைப் பார்த்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. குறியீடே இல்லை, அல்லது எழுத்தின் ஓரம் மை கசிந்ததுபோல் மங்கியிருக்கிறது என்றால் பின்னாளில் அச்சடித்த டயல் என்று சந்தேகிக்கலாம். முள்களும் புள்ளிகளும் இருட்டில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தாலும் அதே சந்தேகம்தான். நாற்பது வருடப் பூச்சுக்கு அந்தத் தெம்பு இருக்காது.

திறக்காமலே மெஷினைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கிரௌனை (பக்கவாட்டில் இருக்கும் குமிழை) திருகி விடுவித்து, சாவி கொடுப்பதுபோல் சுற்றுங்கள். 6309 கையால் முறுக்கேறாது. கிரௌனை முழுக்க வெளியே இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. முறுக்கு ஏறுகிறது, முள்ளும் நிற்கிறது என்றால் உள்ளே இருப்பது 6309 இல்லை. என்எச்36 போன்ற புதிய மெஷினாகத்தான் இருக்க வாய்ப்பு. ஆனால் 7எஸ்26 என்ற இன்னொரு சீக்கோ மெஷின் இந்தச் சோதனையில் மாட்டாது. அதுவும் முறுக்கேறாது, விநாடி முள்ளும் நிற்காது. அதற்கு மூடியைத் திறந்தே ஆக வேண்டும்: 6309-இல் 17 கல் (உராய்வைக் குறைக்கும் சிறு மணிக்கல்), 7எஸ்26-இல் 21 கல்.

திறக்கும்போது வாட்ச்சைத் தாங்கியில் இறுக்கி, மூடியின் பள்ளங்களில் மூடி திறக்கும் சாவியின் பற்கள் முழுதாக அமர்ந்த பிறகே திருப்புங்கள். பல் வழுக்கினால் கோடு விழும். நீங்கள் படிக்க வேண்டிய எண்ணின் மேலேயே விழும். முதலில் ரப்பர் பந்தை அழுத்தித் திருப்பிப் பாருங்கள், இறுக்கம் குறைவாக இருந்தால் அதற்கே வந்துவிடும். பினாங்கு ஈரத்தில் பழைய காஸ்கெட் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தார்போல் உருகி ஒட்டிக்கொள்வது உண்டு. அதை மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், உள்ளே விழ விடாதீர்கள். மூடுவதற்கு முன் புது காஸ்கெட் போடுங்கள்.

நாள் காட்டும் தட்டில் உள்ள மொழியை வைத்து வாட்ச் எந்த நாட்டுக்குப் போனது என்று யூகிப்பவர்கள் உண்டு. சர்வீஸில் சுலபமாக மாற்றக்கூடியது அந்தத் தட்டு; அதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.